பதில் சொல்பவர் எங்கே இருக்கிறார்? மடற்குழுவா, மன்றமா என்ற பழைய தகராறு

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலில் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும், இன்றைக்கும் அதை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். எச்டிஎம்எல் வடிவில் அனுப்பினால் கர்னலின் அஞ்சல் வழங்கி (சர்வர்) வாங்கிக்கொள்ளாது. திருத்தத்தை வெறும் எழுத்தாக மடலுக்குள்ளேயே வைத்து மடற்குழுவுக்கு, அதாவது ஒரு முகவரிக்கு வரும் மடலை எல்லா உறுப்பினர்களுக்கும் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டுக்கு, அனுப்புவதுதான் முறை. போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தை உருவாக்குகிறவர்களும் மடற்குழுவில்தான் வாதாடுகிறார்கள். அதன் பயனர்கள் உதவி கேட்பதற்கும் பல வருடங்களாக மடற்குழுவே முதல் இடம். ஆனால் பைத்தான் நிரல்மொழியின் மையக் குழு 2022இல் தன் முக்கிய மடற்குழுவை விட்டு, வலைத்தளத்திலேயே கேள்வியும் பதிலும் எழுதும் மன்றத்துக்கு, டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தது. லினக்ஸுக்கான மேசைத்தளத்தை உருவாக்கும் க்னோம் திட்டமும் அதே ஆண்டு தன் மடற்குழுக்களை மூடிவிட்டு டிஸ்கோர்ஸுக்குப் போனது.

எல்லோரும் கட்டற்ற மென்பொருள்காரர்கள்தான். ஒரே மாதிரி கல்வி, ஒரே மாதிரி வேலை. இருந்தும் ஏன் எதிரெதிர் முடிவுகள்? "மின்னஞ்சல் பழசு, மன்றம் புதுசு, கர்னல் ஆட்கள் பிடிவாதக்காரர்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பிடிவாதம் இருப்பது உண்மைதான். ஆனால் பழசு, புதுசு என்ற கணக்கு சரிவராது. லிஸ்ட்செர்வ் என்ற மடற்குழு மென்பொருள் 1986இல் வந்தது. பிஎச்பிபிபி, விபுல்லட்டின் போன்ற மன்ற மென்பொருள்கள் 2000இல் வந்தன. ஆக, கால் நூற்றாண்டாக இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்று போய் மற்றது வந்த கதை இல்லை இது.

உதவிக் குழுக்களில் கேள்விக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பதில் தெரிந்தவரின் கவனத்துக்குத்தான் பஞ்சம். ஆயிரம் பேர் இருக்கும் குழுவிலும், உருப்படியாகப் பதில் எழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மடற்குழு அவர்களுடைய வசதிக்காக அமைந்தது. மன்றம் கேட்பவருடைய வசதிக்காக அமைந்தது. மீதிச் சண்டைகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

பதில் சொல்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவர் ஒரு திட்டத்தில் மட்டும் இருப்பதில்லை. ஒரு நிரலாக்க மொழி, ஒரு தரவுதளம், அலுவலகத்தில் பயன்படும் இரண்டு மூன்று நிரலகங்கள் என்று பத்துக் குழுக்களில் இருப்பார். மடற்குழு என்றால் பத்தும் ஒரே பெட்டிக்கு வரும். வடிகட்டிகள் தாமாகவே தனித்தனி உறைகளில் போட்டுவிடும். காலையில் காபியோடு தலைப்புகளை மேய்ந்து, தன் துறையைத் தொடும் இரண்டு மடல்களைத் திறந்து, பதில் எழுதி, மற்றதை ஒரே விசையில் அழித்துவிடலாம். இணையம் இல்லாத ரயிலிலும் படிக்கலாம், எழுதலாம். பத்தும் மன்றங்களாக இருந்தால் பத்துக் கதவுகளைத் தட்டி, பத்துக் கடவுச்சொற்களைப் போட்டு, ஒவ்வொன்றிலும் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தேட வேண்டும். வீட்டு வாசலில் விழும் நாளிதழுக்கும் படிப்பகத்துக்கு நடந்துபோய்ப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நடப்பவர்கள் நடப்பார்கள். ஆனால் வேலை கூடிய வாரத்தில் முதலில் நின்றுபோவது அந்த நடைதான்.

இன்னொரு வசதி கண்ணுக்குத் தெரியாதது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் தனி அடையாள எண் ஒன்று உண்டு. பதில் மடல், தான் எந்த மடலுக்குப் பதில் என்பதைத் தன் தலைப்பகுதியில் சுமந்துகொண்டு வரும். அதனால் நூறு மடல்கள் கொண்ட விவாதத்தையும் மின்னஞ்சல் செயலியால் மரமாக விரித்துக்காட்ட முடியும். முக்கியக் கேள்வி ஒரு கிளையில் போகும், வெட்டிச் சண்டை இன்னொரு கிளையில் போகும். சண்டைக் கிளையை அப்படியே மடக்கிவிடலாம். பெரும்பாலான மன்றங்களில் எல்லாப் பதில்களும் ஒரே வரிசையில் நேரப்படி அடுக்கப்படும். டிஸ்கோர்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. மரமாகக் கிளைக்கும் விவாதத்தைச் சாதாரண வாசகரால் பின்தொடர முடியாது, தட்டையாக இருப்பதே நல்லது என்பது அவர் கட்சி. வாசகரை மனதில் வைத்தால் அவர் சொல்வது சரிதான். தினமும் இருநூறு மடல் பார்க்கிறவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்.

இனி கேட்பவரின் பக்கம். வைஃபை வேலை செய்யவில்லை என்று ஒருவர் உதவி தேடி வருகிறார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். மடற்குழுவோ அவரை உறுப்பினராகச் சேரச் சொல்கிறது, உறுதிப்படுத்தும் மடலுக்குப் பதில் போடச் சொல்கிறது. அதையெல்லாம் செய்து முடித்தால், தனக்குச் சம்பந்தமே இல்லாத எண்பது மடல்கள் அவர் பெட்டியில் வந்து கொட்டுகின்றன. பல மடல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் தொகுப்பு மடல் வசதியைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய பதில் தவறான தலைப்போடு, முழுத் தொகுப்பையும் வாலாகச் சுமந்துகொண்டு குழுவுக்குப் போகும். உடனே ஒரு பெரியவர், பதிலை மேலே எழுதாதே, கீழே எழுது, தேவையில்லாத வரிகளை வெட்டு என்று பாடம் எடுப்பார். இந்தப் பாடத்துக்கு வயது அதிகம். இணைய நாகரிகம் பற்றி 1995இல் வந்த ஆர்எஃப்சி 1855 ஆவணத்திலேயே இதெல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் புதியவர் வெறுத்துப்போய், "தயவுசெய்து என்னை நீக்கிவிடுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரு மடல் போடுவார். அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் "என்னையும்" என்பார்கள். எந்த மடற்குழுவிலும் ஒருநாளாவது இது நடந்திருக்கும்.

அப்புறம், அவர் மின்னஞ்சல் முகவரி பொதுச் சேமிப்பில் என்றென்றைக்கும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். கோபத்தில் எழுதிய ஒரு வரியையும் திருத்த முடியாது. போன மடல் போனதுதான்.

உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகத்தின் முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தபோது, அதே மாதம் உபுண்டு மன்றங்களும் தொடங்கின. லினக்ஸை முதன்முதலாகத் தொடுகிற ஆட்கள் அங்கேதான் குவிந்தார்கள். கணினித் திரையைப் படம் பிடித்துப் போடலாம், கட்டளைகளைத் தனிப் பெட்டியில் காட்டலாம், தப்பாக எழுதியதைத் திருத்தலாம், வேலை முடிந்ததும் தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிட்டுப் போய்விடலாம். உபுண்டுவுக்கு மடற்குழுக்களும் இருந்தன, ஆனால் புதியவர்கள் அங்கே போகவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பழைய லினக்ஸ் விநியோகங்களின் பயனர்கள் பாதி நிரலர்களாகவே இருந்தார்கள். உபுண்டு குறிவைத்ததோ நிரலர் அல்லாதவர்களை.

கேட்பவரும் பதில் சொல்பவரும் போக மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. இரண்டு வருடம் கழித்து, அதே பிழைச்செய்தியைத் தேடுபொறியில் போட்டு வந்து சேர்கிறவர். எண்ணிக்கையில் இவர்களே அதிகம். இவர்களை இரண்டு பக்கமும் நன்றாகக் கவனித்தது என்று சொல்ல முடியாது. மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளின் பழைய சேமிப்பகம் மடல்களை மாதவாரியாகப் பிரித்துவைக்கும். கேள்வி 31ஆம் தேதி, பதில் 1ஆம் தேதி என்றால் கேள்வி ஒரு மாதத்தில் அநாதையாகக் கிடக்கும், பதில் அடுத்த மாதத்தில். மன்றங்களில் வேறு துன்பம். முப்பது பக்கம் ஓடும் ஒரே விவாத இழை, நடுவில் எங்கோ சரியான பதில், அதுவும் ஐந்து பதிப்புகளுக்கு முந்தையது.

இந்த மூன்றாவது ஆளுக்காகவே கட்டப்பட்டதுதான் ஸ்டாக் ஓவர்ஃபுளோ என்ற நிரலர்களின் கேள்வி பதில் தளம். 2008 செப்டம்பரில் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் அதைத் திறந்தார்கள். நல்ல பதில் வாக்குகளால் மேலே ஏறும், ஏற்கப்பட்ட பதிலுக்குப் பச்சைக் குறி, ஏற்கெனவே கேட்ட கேள்வி மூடப்படும், நலம் விசாரிப்பும் நன்றியும் வெட்டப்படும். உரையாடலைக் கழிவாகவும் பதிலைச் சரக்காகவும் பார்த்த அமைப்பு அது. தேடி வருகிறவருக்கு அற்புதமாக வேலை செய்தது. கேட்க வந்த புதியவர்களுக்கு "இது ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்ற கதவுதான் பெரும்பாலும் கிடைத்தது. மூவரில் ஒருவரை நன்றாக உபசரித்தால் இன்னொருவருக்கு இலையில் ஒன்றும் விழுவதில்லை.

மின்னஞ்சலே மாறிப்போனது

மடற்குழுக்கள் சரிந்ததற்கு இளையவர்களின் ரசனையை மட்டும் காரணம் சொல்கிறவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். மடற்குழு ஓடிக்கொண்டிருந்த தரையே 2014இல் நகர்ந்தது.

அந்த ஏப்ரலில் யாஹூ ஓர் அறிவிப்புச் செய்தது. யாஹூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மடல், தங்கள் வழங்கியிலிருந்துதான் வந்தது என்று சோதனையில் உறுதியாகவில்லையென்றால் அதை ஏற்காதீர்கள் என்று உலகத்தின் எல்லா அஞ்சல் வழங்கிகளுக்கும் டிமார்க் என்ற நெறிமுறை வழியாகச் சொல்லிவிட்டது. திருடப்பட்ட முகவரிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எரிதம் (ஸ்பேம்) அனுப்புகிறவர்கள் யாஹூ பயனர்களின் பெயரிலேயே அவர்களுடைய நண்பர்களுக்கு மடல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் இது. அதே மாதம் ஏஓஎல் நிறுவனமும் இதைச் செய்தது.

இதில் மடற்குழு எங்கே மாட்டியது? டிமார்க் இரண்டு சோதனைகளை நம்பியிருக்கிறது. ஒன்று, மடலைக் கொண்டுவந்த வழங்கி அந்த முகவரியின் சொந்தக்காரர் அனுமதித்ததா என்று பார்ப்பது. மற்றது, மடலில் உள்ள எண்முறைக் கையொப்பம் கலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. மடற்குழுவில் எழுதும் யாஹூ பயனரின் மடலை உறுப்பினர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது குழுவின் வழங்கி, யாஹூவுடையது அல்ல. முதல் சோதனை போயிற்று. குழு மென்பொருள் தலைப்பின் முன்னால் சதுர அடைப்புக்குள் குழுவின் பெயரைச் சேர்க்கிறது, அடியில் விலகுவது எப்படி என்று இரண்டு வரி ஒட்டுகிறது. அதோடு கையொப்பமும் கலைந்தது. ஜிமெயில் போன்ற வழங்கிகள், யாஹூ சொன்னபடியே அந்த மடலைத் திருப்பியடித்தன.

வேடிக்கை இதற்கப்புறம்தான். மடல் தொடர்ந்து திரும்பி வந்தால், அந்த உறுப்பினரின் முகவரி செத்துவிட்டது என்று மெயில்மேன் முடிவுகட்டி அவருடைய உறுப்பினர் தகுதியை நிறுத்திவைக்கும். அதாவது எழுதியவர் யாஹூக்காரர், தண்டனை ஜிமெயில்காரருக்கு. ஒரு யாஹூ பயனர் சுறுசுறுப்பாகச் சில மடல்கள் போட்டால் போதும், குழுவின் ஒரு பகுதியே காணாமல் போகும். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் சொந்த மடற்குழுக்களுமே தப்பவில்லை.

மாற்று வழி கண்டுபிடித்தார்கள், ஆனால் அழகில்லாத வழி. அனுப்புநர் இடத்தில் எழுதியவரின் முகவரியை எடுத்துவிட்டுக் குழுவின் முகவரியைப் போட்டு, "இன்னார், குழு வழியாக" என்று காட்டுவது. இதனால் தனிப்பதில் போடுவதில் குழப்பம், முகவரிப் புத்தகத்தில் குழப்பம். கர்னல் குழுக்கள் இந்தத் தொல்லையில் அதிகம் சிக்காததற்குக் காரணம் உண்டு. அவர்கள் தலைப்பிலும் கைவைப்பதில்லை, அடியிலும் எதையும் ஒட்டுவதில்லை. மடல் வந்தபடியே போகிறது, கையொப்பம் கலைவதில்லை. அந்த எளிமைக்குப் பிடிவாதம் என்றும் பெயர் வைக்கலாம், தீர்க்கதரிசனம் என்றும் வைக்கலாம்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இன்னும் இறுக்கின. இன்று சொந்தமாக ஒரு மடற்குழு வழங்கியை நடத்துவது என்பது, நாலு பெரிய நிறுவனங்களின் எரித வடிகட்டிகளிடம் நாள்தோறும் நற்சான்றிதழ் வாங்குவது. தன்னார்வலர் ஒருவர் வார இறுதியில் பார்த்துக்கொள்ளும் வேலையாக முன்பு இருந்தது. இப்போது அப்படி இல்லை. மன்றத்தை நிறுவுவது இதைவிடச் சுலபம் என்ற ஒரே காரணத்தால் இடம்மாறிய குழுக்களும் கணிசமாக இருக்கும்.

பைத்தான் ஏன் போனது?

பைத்தான் மாறியதற்கு அஞ்சல் வழங்கி மட்டும் காரணமில்லை. 2018இல் மொழியில் ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய முன்மொழிவு, பெப் 572, மடற்குழுக்களில் வெள்ளமாய் ஓடியது. மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கான மடல்கள், சொன்னதையே திரும்பச் சொல்பவர்கள், பாதி படித்துவிட்டுப் பதில் எழுதுபவர்கள். அந்த முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆனால் அதை ஏற்ற கைடோ வான் ராசம், அந்த ஜூலையில் மொழியின் தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார்.

மடற்குழுவின் பலவீனம் இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. நெறியாளர் என்று ஒருவர் இருந்தாலும், மடல் எல்லோர் பெட்டிக்கும் போய்ச் சேர்ந்த பிறகு அவரால் செய்ய முடிவது கண்டிப்பது மட்டும்தான். மன்றத்தில் ஓர் இழையை மூடலாம், திசைமாறிய பதில்களைத் தனித் தலைப்புக்கு நகர்த்தலாம், ஒரே ஆள் பத்துமுறை பேசுவதை மெதுவாக்கலாம். டிஸ்கோர்ஸில் உறுப்பினர்களே ஒரு பதிவைக் கொடி காட்டி மறைக்க முடியும். நாள்பட நல்லபடி நடந்துகொள்பவர்களுக்கு அதிகாரம் படிப்படியாகக் கூடும். பைத்தான்காரர்கள் 2018இன் கடைசியிலேயே டிஸ்கோர்ஸைத் திறந்து, புதிய ஆட்சிமுறை பற்றிய விவாதத்தை அங்கே நடத்திப் பார்த்தார்கள். முழுதாக மாற இன்னும் நான்கு வருடம் ஆயிற்று.

எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டிஸ்கோர்ஸுக்கு மடற்குழு முறை ஒன்று உண்டு. எல்லாப் பதிவும் மின்னஞ்சலாக வரும், மின்னஞ்சலிலேயே பதிலும் போடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவர் பதிவைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திருத்தினால், மின்னஞ்சலில் படிப்பவரிடம் பழையதுதான் இருக்கும். அவர் இல்லாத வரிக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். கிளைகள் எல்லாம் ஒரே வரிசையாகத் தட்டையாகும். பழைய மடற்குழு ஆட்கள் சிலர் இதனாலேயே ஒதுங்கிப்போனார்கள். குழு அமைதியானது என்பதும், சில பழைய குரல்கள் கேட்காமல் போயின என்பதும் ஒரே மாற்றத்தின் விளைவுகள்தான்.

சேமிப்பு யார் கையில்?

யாஹூ குழுமங்கள் போன கதை தமிழர்களுக்கும் தெரியும். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று வலைப்பதிவுக் காலத்துக்கு முந்தைய தமிழ் உரையாடல்கள் எத்தனையோ அங்கேதான் நடந்தன. 2019 அக்டோபரில் யாஹூ, குழுமங்களில் சேமித்ததெல்லாம் அழிக்கப்படும் என்று அறிவித்தது. வேண்டுமென்றால் பதிவிறக்கிக்கொள்ளுங்கள் என்று சில மாதம் தவணை கொடுத்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. மடல்களைத் தன் கணினியில் இறக்கி வைத்திருந்தவர்களிடம் மட்டும் பிரதிகள் தங்கின.

தொழில்நுட்பக் குழுக்களுக்கும் இதே அடி முன்னரே விழுந்திருந்தது. ஜிமேன் என்ற தளம் 2002 முதல் ஆயிரக்கணக்கான மடற்குழுக்களின் சேமிப்பை வைத்திருந்தது. அதை நடத்தியது நார்வேக்காரர் ஒருவர், லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சன். 2016இல் தொடர் தாக்குதல்களால் சலித்துப்போய் அவர் வலைப்பக்கத்தை நிறுத்தினார். உலகம் முழுக்க நிரல் குறிப்புகளிலும் பிழை அறிக்கைகளிலும் இருந்த ஜிமேன் சுட்டிகள் ஒரே நாளில் எங்கும் போகாத சுட்டிகள் ஆயின.

இருந்தாலும் மடல்கள் அழியவில்லை. ஆயிரம் உறுப்பினர் இருந்தால் ஆயிரம் பிரதி என்பதுதான் மடற்குழுவின் இயல்பு. கர்னல் திட்டம் 2018இல் தன் சேமிப்பகத்தைத் திறந்தபோது, பலர் சொந்தமாகச் சேர்த்துவைத்திருந்த பழைய மடல்களையெல்லாம் வாங்கி ஒட்டித்தான் முழுமையாக்கினார்கள். அந்தச் சேமிப்பகம், நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியமாகவே கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் மொத்தத்தையும் நகலெடுத்துக்கொள்ளலாம். சுட்டிகளும் மடலின் சொந்த அடையாள எண்ணை வைத்து அமைந்தவை. தளம் மாறினாலும் எண் மாறாது. போஸ்ட்கிரெஸ்காரர்களும் பெரும்பாலான நிரல் மாற்றங்களின் குறிப்பில் அது எந்த மடலில் விவாதிக்கப்பட்டது என்று இதே போலச் சுட்டிவைக்கிறார்கள். பல வருடப் பழைய வரி ஒன்றை ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்டால், விவாதத்தை எடுத்து முன்னால் வைத்துவிடலாம்.

மன்றத்தில் எல்லாம் ஒரே தரவுதளத்தில். நடத்துபவர் கைவிட்டால் போச்சு. திருடுகிறவனுக்கும் ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும். 2013 ஜூலையில் உபுண்டு மன்றங்களை ஊடுருவியவர்களுக்கு 18 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் கிடைத்தன. 2016இல் மறுபடியும் நடந்தது. மடற்குழு மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. பழைய மெயில்மேன், மாதம் பிறந்தால் உங்கள் கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே எழுதி, ஞாபகப்படுத்துகிறேன் பேர்வழி என்று மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தது!

இப்போது குழுக்கள் போகும் இடம் இந்த இரண்டுமில்லை. டிஸ்கார்டு, டெலிகிராம் போன்ற அரட்டைச் செயலிகளுக்குப் போகிறார்கள். கேட்டவுடன் பதில் கிடைக்கிறது, கூட்டத்தில் இருக்கும் உணர்வு கிடைக்கிறது. ஆனால் டிஸ்கார்டு உரையாடல் தேடுபொறியில் அகப்படாது. அதே கேள்வியை வாரம் ஒருவர் கேட்பார், அதே ஆள் அதே பதிலை மறுபடி தட்டுவார். அரிதான அந்தக் கவனத்தை இவ்வளவு தாராளமாக வீணாக்கும் ஏற்பாடு மடற்குழுவும் இல்லை, மன்றமும் இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் புதிய கேள்விகள் மளமளவென்று குறைந்ததும் தெரிந்ததே. அந்த இயந்திரம் கற்றதில், பொதுவெளியில் மனிதர்கள் எழுதிவைத்த இதே பழைய பதில்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மூடிய அறைகளில் சொல்லப்படும் பதில்கள் தேடி வருகிறவருக்கும் கிடைக்காது, அந்த இயந்திரத்துக்கும் கிடைக்காது.

இன்றைக்கு ஒரு சின்னத் திட்டத்துக்கு உதவிக் களம் அமைக்கச் சொன்னால், பயனர்களுக்கு டிஸ்கோர்ஸையே வைப்பேன். அதை உருவாக்குகிறவர்கள் பத்துப் பேருக்குள் இருந்து, மின்னஞ்சலில் வாழ்பவர்களாகவும் இருந்தால், அவர்களை அங்கிருந்து கிளப்ப மாட்டேன். தலைப்பையும் அடியையும் தொடாத ஒரு மடற்குழு அவர்களுக்குப் போதும். மன்றத்தின் தரவுப் பிரதியை மாதாமாதம் எடுத்து, குறைந்தது இரண்டு பேரிடம் கொடுத்துவைக்க ஏற்பாடு செய்வேன். டிஸ்கார்டு வேண்டும் என்று யாராவது கேட்டால் அரட்டைக்குத் திறந்துகொள்ளட்டும். அங்கே கிடைத்த நல்ல பதிலை மன்றத்தில் கொண்டுவந்து போடும் வேலையை, கேட்டவரிடமே கொடுத்துவிடுவேன்.